தொடாத லட்சுமி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் கேட்டு முடித்த பிறகு நீங்கள் என்னை எந்த ரகத்தில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் தொழில் அப்படிப்பட்டது. டெஸ்டரை வைத்தால் பல்பு எரிய வேண்டும், எரிந்தால் கரண்டு இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. கோயிலுக்குப் போனால்கூட சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் சீரியல் செட் ஒயரில் எங்கே டேப் சுற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் என் கண் போகும். ராஜாத்தி, அதாவது என் மனைவி, இதற்காகவே என்னோடு கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

விருதுநகரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு, வீட்டின் முன்னறைதான் கடை. பழைய சாமான்களுக்கு ஒயரும் பிளக்கும் மாற்றிக் கொடுப்பது என் வேலை. வால்வு ரேடியோ, ஸ்பூல் டேப் ரெக்கார்டர், கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர் என்று எங்கெங்கிருந்தோ வரும். இப்போது அதையெல்லாம் ஹாலில் அழகுக்கு வைப்பது பெரிய வீட்டு நாகரிகமாகிவிட்டது. சாமான் என்னவோ நன்றாகத்தான் இருக்கும், ஆளைக் கொல்வது அதன் வால், அதாவது அந்தப் பழைய ஒயர்தான். ரப்பர் காய்ந்து போய் மடக்கினால் முறுக்கு மாதிரி உடையும். எல்லாம் இரண்டு பின் பிளக், எர்த் என்கிற பேச்சே கிடையாது, உள்ளே ஒயர் எங்காவது இற்றுப்போய்த் தகரத்தில் பட்டால் பெட்டி முழுக்கக் கரண்டு நிற்கும், பார்த்தால் தெரியாது. நான் அந்தப் பழைய ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதிதாக மூன்று ஒயர் உள்ள கேபிளைப் போட்டு, பெட்டியின் உடம்பை எர்த்தில் சேர்த்துக் கொடுப்பேன். "பழைய ஒயரையே வச்சிருங்க, அதுதான் அழகு" என்று சிலர் சொல்வார்கள். அழகு பார்க்க ஆள் இருக்க வேண்டாமா என்று கேட்பேன்.

ராஜாத்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்குச் சொந்த ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். அவளுடைய அக்கா லட்சுமி அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மணிமருந்து அறையில் வேலை பார்த்தாள். மணிமருந்து என்றால் வெடிக்குள் போகிற மருந்துக் கலவை, அதைக் கையாளுகிற அறைக்கு வெளியே ஒரு செப்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் உடம்பிலும் துணியிலும் தெரியாமல் ஏறியிருக்கிற மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் விரல் நுனியில் கிளம்புகிற ஒரு பொறியே போதும். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இது செருப்பைக் கழற்றுவது மாதிரிப் பழகிப்போன காரியம். வேலையை விட்டு நின்றுபோனவர்கள்கூட வீட்டு வாசல் நிலையைத் தொட்டுவிட்டு உள்ளே போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோடையில் அந்த அறை வெடித்தது. லட்சுமியும் உள்ளே இருந்த பெண்களும் போய்விட்டார்கள். வாசலில் லட்சுமிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பாக்கியம் என்கிற பெண் மட்டும் தீக்காயத்தோடு பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் கட்டுப் போட்டுக் கிடந்தவளிடம் விசாரிக்க வந்தவர்கள், லட்சுமி தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனாளா என்று கேட்டார்கள். பாக்கியத்தின் வாயிலிருந்து "தொடாத, தொடாத" என்று மட்டும் வந்தது. தொடாமல் போனாள் என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது. லட்சுமியின் தவறுதான் எல்லாச் சாவுக்கும் காரணம் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஊரில் அவளுக்குப் பெயரே தொடாத லட்சுமி. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி என் மாமியார் முகத்தில் மண்ணை வாரி எறிந்தாள். ராஜாத்தியைத் தொடாதவ தங்கச்சி என்றார்கள், வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. நான் மல்லாங்கிணற்றுக்காரன், எனக்கு அந்தக் கதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுதாகத் தெரியும். தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேன், அது வேறு விஷயம். என் மாமியார் கடைசி நாட்களை எங்களோடு இங்கேதான் கழித்தார். "எம்மவ தொடாம போற பிள்ளையில்ல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கிடந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். ராஜாத்தி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். ஆனால் உறவில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் நாரணாபுரம் பக்கம் போக மாட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சிவகாசியிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மேசையில் வைத்தார். மைதானத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பேசுவதற்கான ரகம், சாம்பல் கலரில் பெயிண்ட் அடித்திருந்தது.

"அண்ணாச்சி, மொதலாளி வீட்டுல குடுத்து விட்டாக. புது வீட்டு ஹால்ல வைக்கணுமாம், சின்ன மொதலாளிக்கு ஆசை. ஒயரு மட்டும் நல்லாப் போட்டுக் குடுத்தாப் போதுமாம், வேற ஒண்ணும் நோண்ட வேண்டாம்னு சொன்னாக."

எந்த முதலாளி என்று நான் கேட்கவில்லை. சிவகாசியில் ஒரு கல்லை எறிந்தால் ஒரு முதலாளி மேல்தான் விழும். போன் நம்பரை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மின்வாரியத்துக்காரர்கள் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துகிற நாள். நான் காலையில் புதுக் கேபிளின் ஒரு முனையில் மூன்று பின் பிளக்கை மாட்டி, சுவரில் சொருகி, மறுமுனையில் கரண்டு ஒழுங்காக வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்டு போனது. சரி, இனி சாயங்காலம்தான் என்று கேபிளை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்க உட்கார்ந்தேன். கடையில் ஃபேன் கெட்டுப்போய்க் கழற்றிக் கிடந்தது. ஊரார் வீட்டு ஒயரையெல்லாம் மாற்றுகிறவன் சொந்தக் கடை ஃபேனை மாட்ட மாட்டான் என்று ராஜாத்தி தினமும் சொல்லிக்காட்டுகிற ஃபேன் அது. வெயில் வாசல் வரைக்கும் வந்திருந்தது, நல்ல பட்டப்பகல், தெருவில் கீரைக்காரம்மா போய்க்கொண்டிருந்தது. பேய்க்கதைக்கு உண்டான ஒரு சாமானும் அங்கே இல்லை, நம்புங்கள்.

பின்பக்க மூடியைத் திறந்து, பழைய ஒயரைப் பிடுங்கி, தூக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டேன். அடுத்து புதுக் கேபிளை உள்ளே நுழைக்க வேண்டும். மேசையில் கிடந்த அதன் முனையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத."

ஒரு பெண் குரல். உரக்க, பயந்துபோய், யாரையோ தடுக்கிற மாதிரி. என் கை தானாக மார்புக்கு வந்துவிட்டது. நான் யோசித்து இழுக்கவில்லை, அது தானாகவே வந்தது.

ராஜாத்திதான் சொல்கிறாள் என்று திரும்பினால் அவள் இல்லை. குரல் வந்தது ஆம்ப்ளிஃபயர் இருந்த பக்கத்திலிருந்து. அதுவும் பக்கத்தில் நின்று பேசுகிற குரலாக இல்லை, குழாய் ஸ்பீக்கரில் வந்து வெட்டவெளியில் அடித்துத் திரும்புகிற குரல், அந்தச் சின்ன அறைக்குள். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கலாம், செல்போனாக இருக்கலாம், எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒயரே இல்லை, அது குப்பைப் பெட்டியில் கிடந்தது. வால்வு தொட்டால் சில்லென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ரகத்துக்குள் ஸ்பீக்கரே கிடையாது, வெளியே குழாய் மாட்டினால்தான் சத்தம் வரும். மாட்ட என் கடையில் குழாயும் இல்லை.

ராஜாத்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு.

"ஏங்க, யாரு வந்தா இங்கன?"

"யாரும் வரலயே."

"எங்க அக்கா சத்தம் கேட்டுச்சுங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லச்சுமிக்கா சத்தம். எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் இன்னொரு சத்தம் என் காதில் விழுந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வர வேண்டிய கரண்டு எப்போதோ வந்துவிட்டது, ஃபேன் இல்லாத கடையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. மேசையில் கிடந்த கேபிள் சுவரில் சொருகியபடியே இருந்தது, சுவிட்ச் போட்டபடியே இருந்தது. டெஸ்டரை எடுத்து, நான் பிடிக்கப் போன அந்த முனையில் வைத்தேன். பல்பு எரிந்தது. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த வெளிச்சம்தான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். பெயிண்டுக்கு அடியில் எழுத்து மாதிரி ஏதோ மேடாகத் தெரிந்ததை ராஜாத்திதான் முதலில் பார்த்தாள். என் மேசையிலிருந்த பிளேடை எடுத்து, முன் தகட்டில் இருந்த சாம்பல் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். அடியில் சிவப்பு எழுத்தில் கம்பெனி பெயர் தெரிந்தது. அவள் படித்தாள். பிளேடைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது அக்கா வேல பார்த்த கம்பெனி செட்டுங்க, நான் சோறு கொண்டு போகையில பார்த்திருக்கேன். ஆபீஸ் ரூம்ல இருக்கும். இதுலதான் பாட்டுப் போடுவாக, லோடு ஏத்த ஆளு கூப்பிடுவாக. அறைக்குப் பக்கத்துல போஸ்ட்ல குழா கட்டியிருப்பாக."

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். ஒயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அது இல்லை. தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்திருந்தது, விளிம்பில் கருகிய அடையாளம் இருந்தது. குப்பையிலிருந்து பழைய ஒயரை எடுத்துப் பார்த்தேன், சரியாக அதே இடத்தில் செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. அதாவது பெட்டி முழுக்கக் கரண்டு நின்றிருக்கிறது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவில் பச்சை ஒயர் ஒன்றின் துண்டு, விரல் நீளத்துக்கு. யாரோ கட்டரால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய முனையின் மேலும் சாம்பல் பெயிண்ட் ஏறியிருந்தது, ஆக முதலில் வெட்டியிருக்கிறார்கள், பிறகு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்தப் பச்சை ஒயர் எதற்கு என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பழைய ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு அடியில் உர்ரென்று ஓர் இரைச்சல் வரும். அரைகுறையாக வேலை தெரிந்தவர்கள் அதை நிறுத்த ஒரு குறுக்குவழி செய்வார்கள், பெட்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது எர்த்தில் கட்டிவிடுவார்கள். ராஜாத்தியிடம் கேட்டேன், ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் என்ன எர்த் இருந்தது என்று.

"மருந்து அறைத் தகட்டுல இருந்து ஒரு செம்புப் பட்டை ஓடும். ஆபீஸ் சொவத்து ஓரமா வந்து குழிக்குள்ள எறங்கும்."

"அந்தக் குழியில தண்ணி ஊத்துவாகளா?"

"மழக்காலத்துல எதுக்கு ஊத்த? கோடையில ஊத்தணும்பாக. குடிக்கவே தண்ணி கெடையாது, அதுல யாரு ஊத்துனா?"

எர்த் குழி காய்ந்தால் கரண்டு மண்ணுக்குள் இறங்காது. பெட்டியில் நின்ற கரண்டு பச்சை ஒயர் வழியாகச் செம்புப் பட்டைக்குப் போய், அங்கிருந்து தகட்டுக்குப் போய், அங்கேயே நின்றிருக்கிறது. உயிரைக் காப்பாற்றத் தொடச் சொன்ன தகடு. அப்படியானால் லட்சுமி தொட்டிருக்கிறாள். தொட்டதால்தான் எல்லாம்.

பிறகு பாக்கியம் சொன்னதாகச் சொல்கிற அந்த வார்த்தை. நீங்கள் வேறு ஊர்க்காரர் என்றால் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் யாரும் வாய்நிறையத் தொடாதே என்று சொல்வதில்லை, தொடாத என்றுதான் சொல்வோம். அடுப்புக்குப் பக்கத்தில் போகிற குழந்தையிடம் தொடாத என்போம். தொடாமல் போனவளையும் தொடாதவ என்போம். விசாரிக்க வந்தவர்கள் இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். சற்று முன்னால் அதே வார்த்தை என் காதில் விழுந்தபோது என் கைக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

நான் இதை ராஜாத்தியிடம் சொல்லவே இல்லை. அவளே என் கையைப் பார்த்துவிட்டு, "தொடாதன்னு ஒங்ககிட்டதான் சொன்னாளா?" என்று கேட்டாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, அவள் அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளே நாரணாபுரம் போனோம். பாக்கியம் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டிக்கொடுக்கிறாள். ஒரு பக்கக் கன்னமும் கழுத்தும் இழுத்துக்கொண்டிருக்கும். ராஜாத்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"வா ராசாத்தி. வாங்க மாப்ள. சாப்பிட்டீகளா?"

ராஜாத்தி உட்காரவில்லை. "பாக்கியக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில தொடாதன்னு சொன்னீகள்ல. அதை எப்படிச் சொன்னீக? எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுங்க."

பாக்கியம் கையிலிருந்த பசையைப் புடவையில் துடைத்தாள். பிறகு சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று கேட்காதீர்கள், நான் கடையில் கேட்ட அதே மாதிரி, அதே பயத்தோடு.

"அவ மருந்துத் தட்டை இடுப்புல வச்சிட்டுத் தகட்டைத் தொட்டா. தொட்டதும் கைய ஒதறிட்டா. நான் பின்னாலயே கைய நீட்டிட்டு நிக்கேன். தொடாத பாக்கியம், தொடாதன்னு என்னையத்தான் சொன்னா. நான் ஒரு எட்டு பின்னால வச்சேன். தட்டு விழுந்திருச்சு."

"அப்ப ஏன்க்கா இத்தனை வருசமா சொல்லல?"

"நான் சொன்னது அதுதான். எழுதுனது அவுக. வாய் தெறக்க முடிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. பெறகு கேட்டவுக யாருமில்ல, நானாச் சொல்லப் பயந்துட்டேன். ஒங்கம்மா மொகத்துல மண்ணை எறிஞ்சப்ப நான் சன்னலுக்குப் பின்னால நின்னேன், ராசாத்தி."

ராஜாத்தி அவளைத் திட்டவில்லை, கட்டிப்பிடித்து அழவும் இல்லை. "எங்கம்மா இதைக் கேக்காமலே போயிட்டாக்கா" என்று மட்டும் சொன்னாள். பாக்கியம் அன்றைக்கே எங்களோடு குழாயடிக்கு வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னாள். சிலர் அழுதார்கள், சிலர் இப்போது எதற்கு இதையெல்லாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர் அவ்வளவுதான்.

முதலாளி வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது மகன். ஒயர் நுழைகிற இடத்தில் கருகியிருக்கிறது, ஒரு பச்சை ஒயர் வெட்டியிருக்கிறது என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. "அதை நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு காரும் வரவில்லை, டிரைவரும் வரவில்லை. விசாரிக்க வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

பெட்டி என் கடை அலமாரியில்தான் இருக்கிறது. நான் அதற்கு ஒயர் போடவில்லை, போடப் போவதும் இல்லை. அன்றைக்குப் பிறகு எனக்கு அதிலிருந்து எதுவும் கேட்டதில்லை, ராஜாத்திக்கும் கேட்டதில்லை. அவள் தினமும் அதைத் துணியால் துடைப்பாள், வேண்டுமென்றே வேலையை இழுப்பாள், எனக்குத் தெரியும் எதற்கு என்று. ஒன்றும் கேட்காது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நானே அதை ஒரு மாதிரி மறந்திருப்பேன். கரண்டு வந்த சத்தம் எங்கோ காதில் விழுந்து, என் மூளையே என்னை எச்சரித்தது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் போன மாதம் பாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெட்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். நிலையைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள். நான் அலமாரியைக் காட்டினேன். அதில் ஒயர் இல்லை, கரண்டு இல்லை, பயப்படாமல் தொடுங்கள் என்று நானே சொன்னேன். அவள் மெதுவாகக் கையை நீட்டினாள். விரல் தகரத்துக்குப் பக்கத்தில் போனது.

அங்கேயே நின்றது. கையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டு ஓர் எட்டு பின்னால் வைத்தாள்.

"சரி லச்சுமி" என்றாள்.

ராஜாத்தி என்னைப் பார்த்தாள், நான் ராஜாத்தியைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் கேட்கவில்லை. பாக்கியம் எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஏன், ஒங்களுக்குக் கேக்கலயா?" என்றாள்.